கோயிலில் தாலி கட்டினேன், பதிவு செய்யவில்லை: மகனைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் வெருலம் வாசகர், 4 மார்ச் 2024

அக்கா, நானும் என் மனைவியும் 2015இல் ஊர்க் கோயிலில் ஐயர் மந்திரம் ஓதத் தாலி கட்டிக்கொண்டோம். உள்துறை அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. மகனுக்கு இப்போது ஏழு வயது. கடந்த ஜூலையில் பிரிந்தோம். அவன் ஃபீனிக்ஸில் தாயோடும் ஆயாவோடும் (பாட்டி) இருக்கிறான். "சட்டப்படி உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிள்ளைமேல் உனக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது" என்று மாமனார் சொல்லிவிட்டார். நவம்பரிலிருந்து பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. அதனால் டிசம்பரிலிருந்து நானும் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். காட்டாத பிள்ளைக்குப் பணம் எதற்கு என்று என் அண்ணனும் கேட்கிறார். என் நிலை சரிதானே?

4 மார்ச் 2024, இரவு

பாதி சரி, பாதி முழுத் தவறு. தவறான பாதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நாளைக் காலையிலேயே நீ திருத்திக்கொள்ளலாம்.

பிள்ளையைப் பார்ப்பது வேறு, பிள்ளைக்குச் சோறு போடுவது வேறு. 1998ஆம் ஆண்டின் 99ஆம் எண் மெயின்டனன்ஸ் சட்டம், தாயும் தந்தையும் தத்தம் வசதிக்கு ஏற்பப் பிள்ளையைத் தாங்க வேண்டும் என்கிறது. பார்க்க விட்டால்தான் தாங்க வேண்டும் என்று அதில் எந்த வரியும் இல்லை. நீ நிறுத்திய மூன்று மாதப் பணத்தால் உன் மாமனாருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, உன் மகனுக்குத்தான் ஜனவரியில் பள்ளி திறந்தபோது குறைந்திருக்கும். நாளை நீ நீதிமன்றத்தில் நிற்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கப்போகும் தாளும் அதுதான். நாளைக்கே அனுப்பு. ரொக்கமாகக் கொடுத்தனுப்பாதே, வங்கி வழியாக, மகனின் பெயரையும் எந்த மாதத்துக்கு என்பதையும் குறித்து அனுப்பு.

இனிச் சரியான பாதி. நம் மக்கள் இன்னும் கஸ்டடி, விசிட்டேஷன் என்றே பேசுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சிறுவர் சட்டம் பராமரிப்பு, தொடர்பு என்று சொற்களை மாற்றிவிட்டது. அதன் 18ஆம் பிரிவு, பெற்றோரின் பொறுப்புகளையும் உரிமைகளையும் நான்காக வகுக்கிறது: பிள்ளையைப் பராமரிப்பது, அதனோடு தொடர்பு வைத்திருப்பது, அதன் காப்பாளராக இருப்பது, அதன் செலவில் பங்கு கொள்வது. சட்டத்தில் பொறுப்பு என்ற சொல் முன்னாலும் உரிமை என்ற சொல் பின்னாலும் நிற்கின்றன. தாய்க்கு இவை பெற்றதனாலேயே வருகின்றன. திருமணமாகாத தந்தைக்கு 21ஆம் பிரிவின்படி வரும்: பிள்ளை பிறந்தபோது தாயோடு நிலையான வாழ்க்கைத் துணையாக வாழ்ந்திருந்தால் வரும்; அப்படி வாழாவிட்டாலும், தன்னைத் தந்தை என்று ஏற்று, நியாயமான காலம் வரை வளர்ப்பிலும் செலவிலும் நல்லெண்ணத்தோடு பங்கு கொண்டிருந்தால் வரும். பையன் பிறந்தபோது நீங்கள் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினீர்கள் அல்லவா? மாமனார் சொன்னது சட்டமே அல்ல.

5 மார்ச் 2024

நேற்று எழுதியதில் குரல் உயர்ந்துவிட்டது என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் உன் பக்கம் நின்று இந்தத் தவறைச் செய்யவில்லை, உன் மனைவி பக்கம் நின்று செய்தேன். அதனால்தான் எனக்கு இதில் பொறுமை குறைவு.

2013இல் நானும் என் மகளும் சாட்ஸ்வொர்த்தில் என் தாயார் வீட்டில் இருந்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் தந்தை ஜோஹன்னஸ்பர்கில் வேலைக்குப் போய்விட்டார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை வந்து அழைத்துச் சென்று, ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுவார். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஐந்து மாதம் பணம் வரவில்லை. நான் கலந்து பேசிய ஒரு வழக்குரைஞர், "பணம் வரும்வரை பிள்ளையை நிறுத்தி வையுங்கள், தானாக வழிக்கு வருவார்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் தொலைபேசியில் அழைத்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகள் அதற்குள் பையைக் கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். இரண்டு சட்டைகள், ஒரு ஜெர்சி, ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய ஆயா சுட்ட முறுக்கு. வண்டியில் அப்பாவோடு சேர்ந்து தின்பதற்காம். அப்பா இந்த முறை வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை புத்தகங்களை ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள், அந்தப் பையைத் தொடவில்லை. பத்து நாள் அது கதவுக்குப் பின்னாலேயே கிடந்தது. நான் எடுத்துப் பிரித்தபோது முறுக்கு நமுத்துப் போயிருந்தது.

பணம் வந்ததற்கும் நான் பிள்ளையை நிறுத்தியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மெயின்டனன்ஸ் அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்தேன், அதற்குக் கட்டணம் இல்லை. விசாரணை நடந்தது, சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கும்படி அவருடைய முதலாளிக்கு ஆணை போனது, நான்காவது மாதம் பணம் வந்தது. அந்த வழி நான் பிள்ளையை நிறுத்தி வைப்பதற்கு முன்பும் திறந்தேதான் இருந்தது.

6 மார்ச் 2024

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம், சிறியதல்ல. உன்னைத் திருமணமாகாத தந்தை என்று வைத்துக்கொண்டு 21ஆம் பிரிவுக்குப் போனேன். அதற்கு முன் 1ஆம் பிரிவின் சொற்பொருளைப் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குத் திருமணம் என்பது நாட்டுச் சட்டமோ வழக்காற்றுச் சட்டமோ ஏற்பது மட்டும் அன்று. ஒரு சமயச் சட்ட முறைப்படி நடந்த திருமணமும் அதில் அடங்கும். ஆகவே பிள்ளையைப் பொறுத்தவரை நீ 20ஆம் பிரிவின் கீழ் மணமான தந்தையாகவே வருவாய் என்று வாதிட இடம் உண்டு.

உன் மாமனாரின் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. பதிவு செய்யாத இந்துத் திருமணத்தைத் திருமணச் சட்டத்தின் கீழ் செல்லுபடியாகும் திருமணமாக டர்பன் நீதிமன்றம் 2007இல் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு நம் வீடுகளில் நிறையப் பேசப்பட்டது. ஆனால் அது கணவன் மனைவிக்கு இடையிலான பந்தம் பற்றியது. தாலிக்குப் பதிவு இல்லை என்பதால் தகப்பனுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. யாராவது 20ஆம் பிரிவை மறுத்து வழக்காடினாலும் 21ஆம் பிரிவு உன் பின்னால் நிற்கிறது.

10 மார்ச் 2024

பணத்தை அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அடுத்து என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

நேரே வழக்குப் போட ஓடாதே. 33ஆம் பிரிவு, பொறுப்புகளிலும் உரிமைகளிலும் இடைஞ்சல் வந்தால் பெற்றோர் நீதிமன்றத்தை நாடுவதற்கு முன் ஒரு பேரண்டிங் பிளான் (பெற்றோர் திட்டம்) செய்துகொள்ள முயல வேண்டும் என்கிறது. அதையும் நீங்களாக உட்கார்ந்து எழுதினால் போதாது. ஃபேமிலி அட்வகேட், சமூகப் பணியாளர், உளவியலாளர் ஆகியோரில் ஒருவருடைய உதவியை நாட வேண்டும், அல்லது தகுதியுள்ள ஒருவர் நடத்தும் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும். ஃபேமிலி அட்வகேட் என்பவர் உனக்கோ உன் மனைவிக்கோ வழக்காடுபவர் அல்லர், பிள்ளையின் நலனை மட்டும் பார்ப்பவர். 1987ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் உண்டான பதவி அது. சேவைக்குக் கட்டணம் இல்லை. டர்பனில் அலுவலகம் இருக்கிறது.

திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். பிள்ளை எங்கே யாரோடு வசிப்பது, செலவு, தொடர்பு, கல்வி, சமய வளர்ப்பு ஆகியவற்றை அதில் வைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. முடிந்ததும் ஃபேமிலி அட்வகேட்டிடம் பதிவு செய்துவிடு. பதிவான திட்டத்தை மீறிப் பிள்ளையைத் தர மறுத்தால் 35ஆம் பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு.

அவர்கள் பேச்சுக்கே வராவிட்டால் சிறுவர் நீதிமன்றம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நாட்டின் ஒவ்வொரு மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் சிறுவர் நீதிமன்றந்தான். பராமரிப்பையும் தொடர்பையும் அங்கேயே தீர்மானிக்கலாம், உயர் நீதிமன்றத்துக்குப் போய் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

11 மார்ச் 2024

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து எழுதிய அம்மாவுக்கு: பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் யாரோடு இருப்பது என்று அதுவே முடிவு செய்யும் என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்படுவது, சட்டத்தில் இல்லை. 10ஆம் பிரிவு வயதைக் குறிக்கவே இல்லை. வயது, முதிர்ச்சி, வளர்ச்சி நிலை ஆகியவற்றைப் பார்த்து, கருத்துச் சொல்லக்கூடிய எந்தப் பிள்ளையும் கலந்துகொள்ளலாம், அதன் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. கருத்தைக் கேட்பது வேறு, தீர்ப்பைப் பிள்ளையின் தலையில் வைப்பது வேறு. "யாரோடு இருக்க ஆசை?" என்று உங்கள் பேத்தியைச் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஃபேமிலி அட்வகேட்டோடு பணிபுரியும் ஆலோசகர் அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசுவார்.

17 மார்ச் 2024

10ஆம் தேதி எழுதியதில் 35ஆம் பிரிவைப் பற்றிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். சட்ட வாசகத்தை இன்று எடுத்து வரி வரியாகப் படித்தேன். குற்றமாவது, நீதிமன்ற ஆணைக்கு எதிராகவோ, 22ஆம் பிரிவின் கீழ் நடைமுறைக்கு வந்த பொறுப்பு உரிமை ஒப்பந்தத்துக்கு எதிராகவோ தொடர்பை மறுப்பது. ஃபேமிலி அட்வகேட்டிடம் பதிவு மட்டும் செய்த பேரண்டிங் பிளான் அந்த வாசகத்தில் பெயர் சொல்லப்படவில்லை.

இதை வார்த்தை விளையாட்டு என்று தள்ளிவிடாதே. பதிவு செய்த திட்டத்தைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் ஃபேமிலி அட்வகேட்டே மாற்றித் தருவார். பிள்ளை வளர வளர நேரங்கள் மாறும் வீட்டுக்கு அது எளிது. நீதிமன்ற ஆணையாக்கிய திட்டத்தை நீதிமன்றந்தான் மாற்றும். என் மகளுக்காகப் பின்னர் நாங்கள் எழுதிய திட்டத்துக்குப் பதிவே போதுமாக இருந்தது, ஏனென்றால் அதற்குள் நாங்கள் இருவரும் கோபத்தை இறக்கி வைத்திருந்தோம். நான்கு மாதமாகப் பிள்ளையைக் காணாத உனக்கு அது போதாது. கையெழுத்தானவுடன் ஆணையாக்கிக்கொள்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இத்தகைய ஆணையோ ஒப்பந்தமோ இருக்கும்போது பிள்ளையை வைத்திருப்பவர் வீடு மாறினால், மற்றவருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

30 மார்ச் 2024

நேற்று புனித வெள்ளி. மாரியம்மன் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே ஒரு தந்தையும் தாயும் பிள்ளையின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதைப் பார்த்தேன். இந்த வார இறுதி யாருடையது என்பதுதான் சண்டை. இருவரிடமும் தாள் இருந்தது. "ஒன்று விட்டு ஒரு வார இறுதி, விடுமுறையில் பாதி" என்று அதில் எழுதியிருந்ததாம். பள்ளி 20ஆம் தேதி மூடியது, ஏப்ரல் 3ஆம் தேதி திறக்கிறது, நடுவில் நான்கு நாள் ஈஸ்டர். விடுமுறையின் பாதி எந்த நாளில் முடிகிறது, அந்தப் பாதிக்குள் ஈஸ்டர் அடங்குமா, வார இறுதி முறை விடுமுறையில் ஓடுமா நிற்குமா என்று ஒருவரும் எழுதவில்லை.

நாம் ஆங்கில வழக்கறிஞர்களின் மாதிரித் தாளை அப்படியே வாங்கிக்கொள்கிறோம். அதில் கிறிஸ்துமஸ் இருக்கும், ஈஸ்டர் இருக்கும், அன்னையர் தினம் இருக்கும். தைப்பூசக் காவடி இருக்காது. தீபாவளி இந்த நாட்டில் அரசு விடுமுறையும் அன்று, வேலை நாளில் வந்தால் முந்தைய மாலையே பிள்ளையை அழைக்க வேண்டும், அதுவும் இருக்காது. புரட்டாசி மாதம் முழுவதும் தாய் வீட்டில் மரக்கறி, தந்தை வீட்டில் கோழிக்கறி என்றால் பிள்ளை என்ன செய்யும்? சமய வளர்ப்பைத் திட்டத்தில் எழுதலாம் என்று 33ஆம் பிரிவு இடம் கொடுத்திருப்பது இப்படிப்பட்ட வீடுகளுக்கும் உதவும். என் மகளின் திட்டத்தில் "புரட்டாசியில் எந்த வீட்டில் இருந்தாலும் மரக்கறி உணவே" என்று ஒரு வரி சேர்த்தோம். ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தில் இருந்தவர் சூலு இனத்து அம்மையார். புரட்டாசி என்றால் என்ன, எந்தத் தேதியில் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பொறுமையாகச் சேர்த்துக்கொண்டார்.

14 ஏப்ரல் 2024

உன் தாயாரும் பேரனைப் பார்க்க வேண்டும் என்கிறார், அவருக்குத் தனி உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறாய். பாட்டி என்ற உறவினால் தானாக வருவது இல்லை. 23ஆம் பிரிவின் கீழ், பிள்ளையின் நலனில் அக்கறையுள்ள எவரும் தொடர்போ பராமரிப்போ கேட்டுச் சிறுவர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். உறவு எத்தகையது, எவ்வளவு ஈடுபாடு காட்டினார், செலவில் பங்கு கொண்டாரா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் உனக்கே நேரம் கிடைக்கும்போது அந்த நேரத்தில் அவர் பேரனைப் பார்க்கலாமே. இரண்டு வழக்கு வேண்டாம்.

3 மே 2024

ஒரு வாசகி, நான் தகப்பன்மாருக்கே பரிந்து எழுதுகிறேன் என்று வருந்தியிருக்கிறார். அவர் தம் வீட்டில் நடந்ததையும் எழுதியிருக்கிறார். அதை இங்கே எடுத்து வைக்கமாட்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தொடர்பு என்பது பிள்ளைக்காக இருப்பது. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பிள்ளையைப் பற்றிய எந்த விவகாரத்திலும் பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. எந்த நேரத்துக்கு யாரிடம் என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. சிறுவர் சட்டத்தின் 7ஆம் பிரிவு அந்த நலனைக் கணிக்கும் காரணிகளை அடுக்கும்போது, பிள்ளையை உடலாலும் மனத்தாலும் வரும் தீங்கிலிருந்து காக்க வேண்டிய தேவையையும் வைக்கிறது. அடியும் குடியும் உள்ள வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு ஆணை கேட்கும்போதே, பிள்ளையோடு தொடர்பை மறுக்கவோ நிபந்தனை விதிக்கவோ நீதிமன்றத்தைக் கேட்கலாம். வேறொருவர் உடனிருக்கும் சந்திப்பு, பகலில் மட்டும் சந்திப்பு, தொலைபேசியில் மட்டும் பேசுவது என்று படிப்படியாகவும் வைக்கலாம். நான் வேண்டாம் என்பது, ஆணை எதுவும் கேட்காமல், காரணமும் சொல்லாமல் கதவை மூடிக்கொள்வதைத்தான். உங்களிடம் காரணம் இருக்கிறது அம்மா. மூடிய கதவோடு நின்றுவிடாமல் அதை நீதிபதியிடம் கொண்டு செல்லுங்கள்.

4 மே 2024

நேற்று எழுதிய பிறகு என் சொந்தக் கதைக்குத் திரும்பிப் போனேன். மார்ச் 5ஆம் தேதிக் குறிப்பில் பணத்துக்காகத்தான் மகளை நிறுத்தினேன் என்று எழுதினேன். அது முழு உண்மை அன்று. அழைத்துப் போனவர் திரும்பக் கொண்டுவராமல் போய்விடுவாரோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுப் பணத்தைக் காரணமாகக் காட்டினேன். பின்னர் ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தில் ஆலோசகரிடம் அதை வாய்விட்டுச் சொன்னபோது, அவர் உடனே எழுதத் தொடங்கினார்: பிள்ளையை ஒப்படைக்கும் இடம், நேரம், தாமதமானால் எத்தனை நிமிடத்துக்குள் தகவல், பாஸ்போர்ட் யார் கையில். பயத்தைச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு விதி எழுதியிருக்கலாம்; ஐந்து மாதம் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வாங்கவும் பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே அழைத்துச் செல்லவும் காப்பாளர் இருவரின் சம்மதமும் வேண்டும், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலொழிய. முடி இறக்கக் குலதெய்வக் கோயிலுக்கு என்று தமிழ்நாட்டுக்குப் போவது நம் குடும்பங்களில் நடப்பதுதான். பிள்ளைகளை எல்லை கடத்துவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா 1997இல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. ஆகவே அங்கே நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளையை அந்த உடன்படிக்கையின் வழியாகத் திரும்பக் கேட்க முடியாது, இந்திய நீதிமன்றத்தில்தான் போராட வேண்டும். சம்மதக் கடிதத்தில் போகும் நாளும் திரும்பும் நாளும் பயணச்சீட்டின் படியும் இருக்கட்டும்.

9 ஜூன் 2024

ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தில் இரண்டு முறை உட்கார்ந்தீர்கள், மாமனார் வெளியே காத்திருந்தார், மனைவி பேசினார் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நீ அனுப்பிய வரைவைப் பார்த்தேன். நான்கு இடங்களைத் திருத்து.

"நியாயமான தொடர்பு" என்று முதல் வரியில் இருக்கிறது. எடுத்துவிடு, உன் நியாயமும் அவர்கள் நியாயமும் ஒன்றாக இருந்திருந்தால் நீ எனக்கு எழுதியே இருக்கமாட்டாய். இரண்டாவது, வாரநாளில் வாட்ஸ்அப் அழைப்பு என்று மட்டும் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை மணி, பையன் பேச விரும்பாத நாளில் வற்புறுத்தக்கூடாது என்று எழுது. மூன்றாவது, மெயின்டனன்ஸையும் தொடர்பையும் ஒரே பத்தியில் போட்டிருக்கிறாய். இரண்டாகப் பிரித்து, ஒன்று தவறினால் மற்றது நிற்காது என்று சேர்.

நான்காவது, ஒப்படைக்கும் இடம். மாமனார் வீட்டு வாசல் என்று எழுதாதே, அந்த வாசலில் நடந்தவை இன்னும் ஆறவில்லை. நானும் என் மகளின் தந்தையும் கடைசியில் என்3 நெடுஞ்சாலையில் பாதி வழியில், ஹாரிஸ்மித் பெட்ரோல் நிலையத்தில்தான் ஒப்படைத்துக்கொண்டோம். குளிர்காலத்தில் வான் ரீனன் கணவாயில் பனிமூட்டம் இறங்கி வண்டிகள் ஊர்ந்த மாலைகள் உண்டு. முன்னால் போய்ச் சேர்ந்தவர் தேநீர் வாங்கி வைத்திருப்பார். வெருலத்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. பள்ளி வாசலே போதும்: வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் நீ அழைத்துக்கொள், திங்கட்கிழமை காலை பள்ளியில் கொண்டுபோய் விடு. பையன் பையை எந்தக் கதவுக்குப் பின்னாலும் வைத்துக் காத்திருக்க வேண்டாம், அது அவன் தோளிலேயே இருக்கும்.

"காலையில்" என்று எழுதியிருப்பதை "ஏழரை மணிக்கு" என்று மாற்று.